நூற்றெட்டுக்கும் அமரர் ஊர்திக்கும் நடுவே

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் இழுத்துக்கொண்ட இரவு, 108-ஐ அழைத்த இருபது நிமிடத்துக்குள் வண்டி சேலம் அம்மாப்பேட்டையில் எங்கள் சந்துக்குள் வந்து நின்றது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, ஆக்சிஜன் மாட்டி, ஒரு பைசா வாங்காமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் பிழைத்தார். பத்து நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். எங்களுக்குச் சிரமம் தொடங்கியது அதற்கு அப்புறம்தான்.

வாரத்துக்கு மூன்று நாள் பிசியோதெரபிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். முப்பத்தைந்து வருடம் தறிக்குழியில் மிதி மிதித்த மனிதர், டவுன் பஸ்ஸின் முதல் படியில் காலைத் தூக்கி வைக்க முடியாமல் நின்றார். பின்னால் கூட்டம் நெருக்குகிறது. நான் கீழேயிருந்து தாங்க, உள்ளேயிருந்து ஒரு பையன் கையைப் பிடித்து இழுக்க, ஒரு வழியாக ஏற்றினோம். இறக்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதோடு பஸ்ஸை விட்டுவிட்டோம். ஆட்டோவுக்குப் போக வர முந்நூறு ரூபாய். மூன்றாவது வாரத்தில் அப்பா, "இன்னைக்கு உடம்பு தேவலைடா, நாளைக்குப் போயிக்கலாம்" என்று சொல்ல ஆரம்பித்தார். அவர் முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கிறார் என்று எனக்குப் புரிவதற்குள் இரண்டு வாரம் ஓடிவிட்டது. பக்கவாதத்தில் முதல் மூன்று மாதம்தான் கைகால் திரும்ப வர அதிக வாய்ப்புள்ள காலம் என்கிறார்கள். அந்த மூன்று மாதத்தில் இரண்டு வாரம் அப்படிப் போனது.

தமிழ்நாட்டில் உயிருக்குப் போராடும் ஒருவரைத் தூக்கிப்போக இலவச வண்டி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் இறந்துபோனால், உடலை வீடு கொண்டுவந்து சேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. முதலாவதை அரசு பணம் கொடுத்து ஒரு வெளி நிறுவனம் ஓட்டுகிறது. இரண்டாவதை அரசுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் நடத்துகிறது. இந்த இரண்டு பயணங்களுக்கும் நடுவே ஒரு மனிதருக்கு எத்தனையோ பயணங்கள் இருக்கின்றன: டயாலிசிஸுக்கு, கண் பரிசோதனைக்கு, வங்கிக்கு, ஆட்சியர் அலுவலகத்துக்கு, பேத்தி கல்யாணத்துக்கு. அவற்றுக்கு மட்டும் அப்படி ஓர் ஏற்பாடு நம்மிடம் இல்லை. அரசும் தனியாரும் சேர்ந்து அதைச் செய்ய முடியுமா, செய்தால் ஒப்பந்தத்தில் என்ன எழுதவேண்டும் என்று விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

யார் பணம் கொடுக்கிறார்கள்?

அரசு - தனியார் கூட்டு என்றதும் சேலத்துக்காரர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது சுங்கச்சாவடியாகத்தான் இருக்கும். ஓமலூர், வைகுந்தம், மேட்டுப்பட்டி என்று எந்தப் பக்கம் போனாலும் ஒன்று. தனியார் முதல் போட்டுச் சாலை போடுவார், போகிற வருகிறவர்களிடம் வசூலித்துப் போட்ட முதலை எடுப்பார். முதியவர்களையும் மாற்றுத்திறனாளிகளையும் ஏற்றிச் செல்லும் சேவையில் இந்தக் கணக்கு வேலைக்கு ஆகாது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிகளுக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000. எங்கள் அப்பாவுக்கு ஆன ஆட்டோச் செலவு வாரத்துக்கே 900. பயணம் செய்பவரிடம் வாங்கும் கட்டணத்தை நம்பி இந்த வண்டியை ஓட்ட முடியாது. பெரும்பங்குப் பணம் வேறு எங்கிருந்தோ வரவேண்டும். அது எங்கிருந்து, எந்த அளவுகோலில் வருகிறது என்பதை வைத்துத்தான் ஓட்டுபவரின் நடத்தையும் அமையும்.

மினிபஸ்ஸை எடுத்துக்கொள்வோம். 1997-ல் தொடங்கிய திட்டம் அது. 2025-ல் புதிய விதிகளோடு, அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வழித்தடத்தோடு மறுபடி வந்திருக்கிறது. அரசு தருவது பர்மிட். கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசு. வண்டி, டீசல், சம்பளம், லாபம், நஷ்டம் எல்லாம் உரிமையாளர் தலையில். அவருடைய வருமானம் டிக்கெட்தான். ஒரு பாட்டி ஏறி உட்கார இரண்டு நிமிடம் ஆனால், அடுத்த நிறுத்தத்துக் கூட்டத்தை முன்னால் போகும் பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். சேலத்தில் தனியார் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கியவர்களுக்கு டைமிங் தகராறு என்ன என்று தெரியும். "சீக்கிரம் ஏறுங்க, சீக்கிரம்" என்று நடத்துநர் விரட்டுவதை நான் கெட்ட மனசு என்று நினைக்கவில்லை. அவருக்குப் பணம் வரும் வழி அவரை அப்படிப் பேசவைக்கிறது.

சென்னை மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் மின்சாரப் பேருந்துகளில் ஏற்பாடு வேறு. 2025 ஜூன் இறுதியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 வண்டிகளோடு அது தொடங்கியது. வண்டியும் ஓட்டுநரும் தனியார் நிறுவனத்தினுடையவை. நடத்துநரும் டிக்கெட் வருமானமும் கழகத்தினுடையவை. ஓடிய கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் தருகிறது. ஓட்டுநருக்குக் கூட்டத்தைத் துரத்தும் அவசியம் இல்லை. அதே சமயம், நிறுத்தத்தில் சக்கர நாற்காலியோடு ஒருவர் காத்திருக்கும்போது நிற்காமல் போனாலும் கிலோமீட்டர் கணக்கு குறையாது. அப்படிப் போனால் இவ்வளவு அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதைக் கண்காணிக்கவும் ஆள் இருந்தால்தான் இந்த முறை முதியவர்களுக்குப் பயன்படும்.

மூன்றாவது வழி, ஒரு பயணத்துக்கு இவ்வளவு என்று கொடுப்பது. ஆட்டோ, டாக்ஸிக்கு இது பொருந்தும். ஆனால் ஐந்து ரோட்டிலிருந்து அஸ்தம்பட்டிக்குப் போவதற்கும் ஏற்காடு நாகலூரிலிருந்து சேலத்துக்கு இறங்குவதற்கும் ஒரே தொகை வைத்தால் மலைக்கு எந்த வண்டியும் ஏறாது. நான்காவதாக, வண்டி தயாராக நிற்பதற்கே மாதம் இவ்வளவு என்று கொடுக்கலாம். அழைப்பு வந்தாலும் வராவிட்டாலும் ஓட்டுநருக்குச் சம்பளம் உண்டு. 108 நடப்பது கிட்டத்தட்ட இப்படித்தான்.

நூற்றெட்டின் கதை

108-ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். நம் ஊரில் எல்லோரும் நம்பும் ஒரே கூட்டு ஏற்பாடு அதுதான்.

இஎம்ஆர்ஐ என்ற லாப நோக்கற்ற அமைப்பு 2005 ஆகஸ்ட் 15 அன்று ஐதராபாத்தில் இதைத் தொடங்கியது. தொடங்கியவர் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் நிறுவனர் ராமலிங்க ராஜு. தமிழ்நாட்டுக்கு 2008 செப்டம்பரில் வந்தது. நான்கே மாதத்தில், 2009 ஜனவரியில், சத்யம் கணக்குகளில் பெரிய மோசடி செய்ததாக ராஜு தாமே ஒப்புக்கொண்டு கடிதம் எழுதினார். ஆதரவாக நின்றவர் கைதானார். பிறகு ஜிவிகே குழுமம் பொறுப்பேற்றது. இத்தனை நடந்தும் தமிழ்நாட்டுச் சாலைகளில் 108 தொடர்ந்து ஓடியது. ஓட்டும் செலவின் பெரும்பகுதி அரசுக் கருவூலத்திலிருந்து வந்ததும், 108 என்ற எண் மக்களுடையதாக ஆகிவிட்டதும் அதற்குப் பெரிய காரணங்கள். கூட்டாளி மாறினார், எண்ணும் வண்டியும் அப்படியே இருந்தன. இன்றைக்கு மாநிலத்தில் 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள் ஓடுகின்றன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை நிறைய. வண்டியில் வருபவர் நோயாளியிடம் பணம் வாங்குவதில்லை. எனவே பணம் இருப்பவர், இல்லாதவர் என்று பார்க்கவும் அவருக்குக் காரணமில்லை. கூப்பிட ஒரே எண். வண்டி எங்கே இருக்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்குத் தெரியும். தனியார் கூட்டாளி நாளைக்கு விலகினாலும் சேவை நிற்காது.

வழக்கமான பயணங்களுக்கு இதை அப்படியே பிரதி எடுக்கவும் முடியாது. அவசர ஊர்தி எப்போது எங்கே தேவைப்படும் என்று யாருக்கும் தெரியாது; அதனால் ஊரெங்கும் நிறுத்தி வைக்கிறார்கள். டயாலிசிஸ் நோயாளியின் பயணம் அதற்கு நேர் எதிர். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், ஒவ்வொரு தடவையும் சுமார் நான்கு மணி நேரம், அதே இடம், அதே நேரம். ஒரு மாதத்துக்கு முன்பே தெரியும். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒருவர், உடையாப்பட்டியில் ஒருவர், அம்மாப்பேட்டையில் ஒருவர் என்று ஒரே பாதையில் மூன்று பேரை ஒரு வேன் ஏற்றிக்கொண்டு வரலாம். வென்டிலேட்டர் வேண்டாம், மருத்துவ உதவியாளர் வேண்டாம். ஓட்டுநர், கைத்தாங்கலாகப் பிடிக்கத் தெரிந்த உதவியாளர் ஒருவர், பின்பக்கம் ஒரு சாய்தளம் போதும். அவசர ஊர்தியைவிட இது மிகவும் மலிவு. இப்படி ஒன்று இல்லாததால், வேறு வழி தெரியாமல் 108-ஐயே கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மாரடைப்பு வந்த ஒருவர் அந்த வண்டிக்குக் காத்திருக்க நேரலாம்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய பிறகு, சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, பிசியோதெரபியும் வருகிறது. எங்கள் வீட்டுக்கும் பின்னால் வந்தார்கள், பெரிய உதவியாக இருந்தது. தேவையில்லாத பயணத்தைக் குறைப்பது நல்ல வழிதான். ஆனால் ஸ்கேன் மெஷின் வீட்டுக்கு வராது. அதோடு, நோய்க்கு மட்டுமா மனிதர் வெளியே போகிறார்? அப்பாவுக்கு ரொம்ப நாளாக இருந்த ஆசை, பழைய தறிக்கூடத்துக்குப் போய்க் கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரவேண்டும் என்பது.

பஸ் நிலையத்தில் லிஃப்ட், பஸ்ஸில் படி

சட்டம் இதையெல்லாம் யோசித்துத்தான் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 41-வது பிரிவு பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், வாகனம், சாலை எல்லாம் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி இருக்கவேண்டும் என்கிறது. அதே பிரிவின் இரண்டாவது பகுதி, கட்டுப்படியாகும் செலவில் தனிநபர் நடமாட்டத்துக்குத் திட்டங்கள் வகுக்கவேண்டும் என்றும் சொல்கிறது. நான் கேட்கும் வேனுக்குச் சட்டத்தில் இடம் இங்கேதான் இருக்கிறது. பழைய வாகனங்களை மாற்றியமைப்பதில் மட்டும் 'தொழில்நுட்ப ரீதியாக இயலுமானால்', 'பொருளாதார ரீதியாகக் கட்டுப்படியானால்' என்ற சொற்கள் இருக்கின்றன. நடைமுறையில் அந்தச் சொற்களுக்குள்ளேதான் நிறைய விஷயம் காணாமல் போகிறது. விதிகளில் இருந்த தளர்வையும் சேர்த்துப் பார்த்த உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் தரங்கள் பற்றிய 15-வது விதி வெறும் பரிந்துரை போல இருக்கிறது, சட்டமோ கட்டாயம் என்கிறது என்று சொல்லி அந்த விதியைச் செல்லாததாக்கியது. கட்டாயமான விதிகளை எழுத ஒன்றிய அரசுக்கு மூன்று மாதம் கொடுத்தது.

பஸ்ஸைப் பொறுத்தவரை, முன்னுரிமை இருக்கை, ஊன்றுகோல் வைக்க இடம், கைப்பிடிக் கம்பி, சக்கர நாற்காலி ஏற்றிப் பூட்ட வசதி ஆகியவை வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020 மார்ச் 1 முதல் இருக்கிறது. பஸ்ஸின் தளம் தரையிலிருந்து 900 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் படி ஏறித்தான் ஆகவேண்டும். 400 மில்லிமீட்டர் என்றால் ஒரு பலகையைச் சாய்த்துச் சக்கர நாற்காலியை உருட்டி ஏற்றிவிடலாம். இதற்காகத்தான் மாற்றுத்திறனாளிகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் போராடினார்கள். அதன் பலனாக 552 தாழ்தளப் பேருந்துகள் வாங்கும் முடிவு வந்தது. சென்னைக்கு 352, கோவைக்கு 100, மதுரைக்கு 100. சேலத்துக்கு அதில் ஒன்றும் இல்லை.

எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். பொலிவுறு நகரம் திட்டத்தில் சேலம் பழைய பஸ் நிலையத்தை இரண்டு அடுக்காகக் கட்டி 2023-ல் திறந்தார்கள். லிஃப்ட் இருக்கிறது, சாய்தளம் இருக்கிறது. நல்ல காரியம்தான். அதில் ஏறி மேலே போனால் நிற்பது அதே உயரப் படி வைத்த பஸ். பயணம் என்பது வீட்டு வாசலிலிருந்து போய்ச் சேரும் இடத்து நாற்காலி வரை. நடுவில் ஓர் இடத்தில் அறுந்தால் மீதி எல்லாம் இருந்தும் வீட்டிலேயே உட்காரவேண்டியதுதான்.

கட்டணச் சலுகையிலும் இப்படி ஓர் அறுந்த இடம் இருக்கிறது. 2021 முதல் அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை. அந்தத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகத்துக்கு ஈடுகட்டுகிறது. சேலத்தில் தனியார் டவுன் பஸ்களும் நிறைய. அவற்றில் இந்தச் சலுகை செல்லாது. நாலு பஸ் போனபின் வரும் இலவச பஸ்ஸுக்காக வெயிலில் ஊன்றுகோலோடு நிற்பவர்களை நாம் பார்க்கத்தான் செய்கிறோம். கழகத்துக்குக் கொடுக்கும் அதே ஈட்டுத்தொகையை, டிக்கெட் கருவியில் பதிவாகும் பயணக் கணக்கின்படி தனியார் பஸ்களுக்கும் கொடுத்தால், புதிதாக ஒரு வண்டிகூட வாங்காமல் ஒரு கூட்டு உருவாகிவிடும். முதியவர்களைப் பொறுத்தவரை, 60 வயதானவர்களுக்கு மாதம் பத்து இலவச டோக்கன் தருவது சென்னை மாநகரப் பேருந்துகளில்தான். இங்கே 60 வயது ஆண் ஒருவர் முழு டிக்கெட் எடுக்கவேண்டும். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையும் 2020 மார்ச்சில் கொரோனாவோடு போனது போனதுதான்.

மேலே ஏற்காட்டில்

நகரத்தில் தாழ்தள பஸ் கேட்கலாம். மலையில் அதைக் கேட்டுப் பயனில்லை. அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள். தரையை ஒட்டிய நீளமான பஸ் அந்த வளைவுகளில் வயிறு உரசும். மலைக்கு ஏற்றது சிறிய வேன்தான்.

ஏற்காட்டைச் சுற்றி அறுபதுக்கும் மேற்பட்ட மலைக்கிராமங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் மலையாளிப் பழங்குடி மக்கள். காபித் தோட்டங்களிலும் மிளகுக் கொடிகளுக்கு நடுவிலும் வேலை செய்து வயதானவர்கள். நாகலூரில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது, ஏற்காட்டில் மருத்துவமனை இருக்கிறது. சிறப்பு மருத்துவரைப் பார்க்கவேண்டும் என்றால் சுமார் 30 கிலோமீட்டர் இறங்கிச் சேலத்துக்குத்தான் வரவேண்டும். பஸ் வரும் சாலைக்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் ஏற்ற இறக்கத்தில் நடக்கவேண்டிய குடியிருப்புகளும் உண்டு. முட்டி தேய்ந்த பாட்டிக்கு அந்த ஒரு கிலோமீட்டர், மீதி முப்பதைவிடப் பெரியது. வண்டி வாடகைக்குப் பிடித்தால் ஒரு தடவை போய்வரும் செலவு ஒரு மாத முதியோர் உதவித்தொகையை முழுங்கிவிடும்.

மலையில் தனியார் நிறுவனம் தானாக வராததற்குக் காரணம் எளிது. காலையில் ஒருவரை இறக்கிவிட்டு, அவர் மருத்துவரைப் பார்க்கும் வரை வண்டி நிற்கவேண்டும், அல்லது காலியாக மேலே ஏறி மறுபடி இறங்கவேண்டும். காலி ஓட்டத்துக்கு டீசல் யார் தருவார்? அது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் ஓட்டுபவர் மலை அழைப்புகளை எடுக்கவே மாட்டார். சாலைப் பிரச்சினையும் உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, குப்பனூர் வழியைத்தான் நம்பவேண்டியிருந்தது. அந்த மாதிரி நாட்களில் டயாலிசிஸ் தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து. எனவே சேலத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு கால் சென்டர் மலையை நிர்வகிக்க முடியாது. எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்த வீட்டுக்கு ஜீப் போகும், எதற்குப் போகாது என்பது அங்கே ஓட்டுகிறவர்களுக்குத்தான் தெரியும். மலைக்குக் கூட்டாளி என்றால் ஏற்காட்டு ஜீப், டாக்ஸி ஓட்டுநர்களும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களும்தான் சரியானவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று, சக்கர நாற்காலியை வேனுக்குள் வெறுமனே நிறுத்தினால் போதாது. தளத்தில் நான்கு புள்ளிகளில் பட்டை போட்டுக் கட்டவேண்டும், உட்கார்ந்திருப்பவருக்குத் தனியாக பெல்ட் போடவேண்டும், முகம் வண்டி போகும் திசையைப் பார்க்கவேண்டும். சமதரையில் இதை விட்டுவிட்டாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. கொண்டை ஊசி வளைவில் நாற்காலி பக்கவாட்டில் உருண்டுவிடும்.

மற்ற ஊர்கள் செய்தது

அமெரிக்காவில் 1990-ல் வந்த ஊனமுற்றோர் சட்டம் ஒரு தெளிவான கோடு போட்டது. வழக்கமான பஸ் ஓடும் பாதையின் இருபுறமும் முக்கால் மைல் தூரத்துக்குள், அந்த பஸ்ஸைப் பயன்படுத்த முடியாதவர்களுக்கு வீடு தேடி வரும் மாற்று வண்டி கட்டாயம். கட்டணம் பஸ் டிக்கெட்டைப்போல இரண்டு மடங்குக்கு மேல் போகக்கூடாது. பல நகரங்கள் இந்த வண்டிகளை ஓட்டத் தனியாரிடம் ஒப்பந்தம் போடுகின்றன. வண்டி அனுப்ப ஆகும் செலவு அதிகம் என்பதால், 2016-ல் பாஸ்டன் நகரம் ஊபர், லிஃப்ட் (Lyft) என்ற வாடகைக் கார் நிறுவனங்களோடு சேர்ந்து பார்த்தது. பயணி முதல் இரண்டு டாலரைக் கொடுப்பார், அதற்கு மேல் ஒரு வரம்பு வரை போக்குவரத்து ஆணையம் கொடுக்கும். முந்தின நாளே பதிவு செய்து காத்திருந்தவர்கள் கைபேசியில் உடனே வண்டி பிடித்தார்கள். இதில் கவனிக்கவேண்டிய இடம், மடக்க முடியாத சக்கர நாற்காலியில் இருப்பவர். சாதாரணக் காரில் அவர் ஏற முடியாது. நடக்க முடிந்தவர்களுக்கு மலிவான, வேகமான வழி திறந்ததும், மீதி இருப்பவர்களை ஒப்பந்தம் மறந்துவிடும் அபாயம் இருக்கிறது.

ஹாங்காங்கில் 1978-ல் தொடங்கிய ரீஹாபஸ் சேவையை ஒரு மறுவாழ்வுத் தொண்டு நிறுவனம் நடத்துகிறது, அரசு நிதி தருகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு நிரந்தர வழித்தடம், மற்றவர்களுக்கு முன்பதிவு என இரண்டும் உண்டு. ஹாங்காங்கும் மேடும் பள்ளமுமான ஊர்தான். லாபம் பார்க்கும் நிறுவனம்தான் கூட்டாளி என்ற கட்டாயம் இல்லை என்பதற்கு இது ஓர் உதாரணம்.

சேலத்தில் எழுதவேண்டிய ஒப்பந்தம்

எங்கள் தெருமுனை ஸ்டாண்டில் ஓர் ஆட்டோ அண்ணன் இருக்கிறார். அப்பா பிசியோதெரபிக்குப் போகாமல் விட்டது தெரிந்ததும் வீட்டுக்கே வந்து, "மாசக் கணக்கு வெச்சுக்கலாம் தம்பி, நாளையிலிருந்து ஒம்பதரைக்கு வந்துடறேன்" என்றார். கூடவே ஒரு சிறிய மர முக்காலி கொண்டுவருவார். அதை ஆட்டோ ஓரம் போட்டு, ஏறும்போது நல்ல காலை முன்னால் வைக்கச் சொல்வார். இறங்கும்போது முடியாத கால் முன்னால். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்ததை ஒரே நாளில் பிடித்துக்கொண்டார். உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டுத்தான் கிளம்புவார். திரும்ப அழைக்கும் நேரமும் சொல்லிவிடுவார்.

வெளியே போகச் சிரமப்படும் முதியவர்களில் பெரும்பாலோருக்கு ஹைட்ராலிக் லிஃப்ட் வைத்த வேன் தேவையில்லை. இந்த அண்ணன் செய்வதுதான் தேவை. அதனால் ஒரே வகை வண்டியை வைத்துத் திட்டம் போடுவது தவறு என்று நினைக்கிறேன். கைத்தாங்கலில் நடப்பவர்களுக்கு, பயிற்சி பெற்ற ஆட்டோ ஓட்டுநர்களைப் பதிவு செய்து, பயணத்துக்கு இவ்வளவு என்று மாநகராட்சியோ மாவட்ட நிர்வாகமோ அவர்கள் கணக்கில் போடலாம். தொகையில் ஏற்றி இறக்க ஆகும் நேரமும் காத்திருக்கும் நேரமும் சேரவேண்டும். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் யாரும் முக்காலி கொண்டுவர மாட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் படுக்கையில் இருப்பவர்களுக்கும் சாய்தளம் வைத்த வேன், மாதத் தொகைக்கு. மலைக்குத் தனி விகிதம், காலி ஓட்டமும் கணக்கில். எத்தனை சக்கர நாற்காலிப் பயணங்கள் மறுக்கப்பட்டன என்பதை மாதாமாதம் வெளியிடவேண்டும். பயணங்களின் மொத்த எண்ணிக்கையை மட்டும் கேட்டால், எளிதான சவாரிகளை எடுத்தே எண்ணிக்கையை நிரப்பிவிட முடியும்.

பணத்துக்கு வழி? இதற்கு ஒரு முன்மாதிரி இந்தியாவிலேயே உண்டு. ஒன்றிய அரசின் பழைய ஆர்எஸ்பிஒய் காப்பீட்டில், மருத்துவமனையில் சேரும்போது போக்குவரத்துக்கு 100 ரூபாய், ஆண்டுக்கு 1,000 வரை கொடுத்தார்கள். தொகை சிறியது, ஆனால் பயணமும் சிகிச்சையின் ஒரு பகுதி என்று அது ஒப்புக்கொண்டது. முதலமைச்சர் காப்பீட்டில் டயாலிசிஸுக்குப் பணம் தரும் அரசு, அந்த டயாலிசிஸ் நாற்காலி வரை வந்துசேரும் செலவையும் சேர்ப்பதுதான் நியாயம். வராமல் போகும் நோயாளி அடுத்த வாரம் அவசர ஊர்தியில் வருவார். அந்தச் செலவும் அரசுடையதுதான்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2013 கம்பெனிகள் சட்டப்படி குறிப்பிட்ட அளவுக்கு மேலான நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்கவேண்டும். உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் உள்ள மாவட்டம் இது. வேன் வாங்க அந்த நிதி நல்லது. ஆனால் வண்டி வாங்கிச் சாவி கொடுத்துப் படம் எடுப்பதோடு முடிந்தால், இரண்டாம் வருடம் டயர் மாற்றவும் ஓட்டுநருக்குச் சம்பளம் தரவும் ஆளில்லாமல் வண்டி ஷெட்டில் நிற்கும். வண்டி நன்கொடையாக வரலாம், ஓட்டும் செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்தில் இருக்கவேண்டும்.

ஒரு பயமும் எனக்கு உண்டு. வீடு தேடி வேன் வருகிறதே, பிறகு பஸ்ஸில் எதற்குச் சாய்தளம் என்று யாராவது கேட்டுவிடக்கூடாது. வேனுக்கு முன்பதிவு வேண்டும், எண்ணிக்கை குறைவு. நினைத்த நேரத்தில் கிளம்பிப் போகும் சுதந்திரம் பஸ்ஸில்தான் கிடைக்கும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம். 2031-ல் மாநில மக்கள்தொகையில் 60 வயது தாண்டியவர்கள் 18.2 சதவீதம் இருப்பார்கள் என்பது அரசின் தொழில்நுட்பக் குழுவின் கணிப்பு. இத்தனை பேரை வேன்களில் ஏற்ற முடியாது. சேலத்துக்கு அடுத்த முறை பஸ் வாங்கும்போது தாழ்தளம் கேட்டே ஆகவேண்டும்.

அந்தத் தாழ்தள பஸ் வரும் வரை கையில் இருப்பது மினிபஸ். புதிய திட்டத்தின்படி வழித்தடங்களுக்கு பர்மிட் கொடுத்து வருகிறார்கள். அதைக் கொடுக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் மாவட்ட ஆட்சியர்தான். முதல் படியின் உயரம், கதவின் இருபுறமும் கைப்பிடி, முன்னால் இரண்டு இருக்கை, மடக்கிய சக்கர நாற்காலி வைக்க ஓரிடம் என்று நான்கு நிபந்தனைகளை பர்மிட்டோடு சேர்ப்பதற்குச் சென்னையிலிருந்து நிதி வரவேண்டியதில்லை. பஸ் கூண்டு கட்டும் கரூர், நாமக்கல்லைத் தாண்டினால் வந்துவிடும். வண்டி சாலைக்கு வந்த பிறகு மாற்றச் சொன்னால் உரிமையாளருக்கு நஷ்டம், அவர் எதிர்ப்பார். கூண்டு கட்டும்போதே சொன்னால் பட்டறையில் இரண்டு கம்பியைக் கூடுதலாக வெல்டிங் வைத்து, படியை ஒரு சாண் கீழே இறக்கிக் கொடுத்துவிடுவார்கள்.